தம்பி தூக்கிய கொடி

பூவலங்குப்பத்தில் கால்பந்து ஆட்டம் நடந்தால் முதலில் கேட்கிற குரல் தெய்வநாயகியுடையது. பழவேற்காட்டு ஏரியில் நண்டு வலை எடுத்துக்கொண்டிருப்பவர்கள்கூட அந்தக் குரலை வைத்தே கோல் விழுந்துவிட்டதா, விழுந்தது நம் பக்கமா எதிர்ப்பக்கமா என்று சொல்லிவிடுவார்கள். ஐம்பதை நெருங்குகிற வயது அவளுக்கு. காலையில் ஏலத்தில் இறால் எடுத்து, அன்னக்கூடையோடு பஸ் ஏறி, திருப்பாலைவனம், காட்டூர் பக்கம் தெருத்தெருவாக விற்றுவிட்டு மதியத்துக்கு மேல் வீடு திரும்புவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறால் எவ்வளவு நயமாகக் கிடைத்தாலும் எடுக்கமாட்டாள். அன்றைக்கு ஆட்டம்.

அவள் புருஷன் முத்துராஜுக்குப் பந்து உருண்டையா சதுரமா என்பதில்கூட அக்கறை கிடையாது. ஏரியில் தொழில் பார்ப்பவன், ஞாயிற்றுக்கிழமை தூங்குவான். அவளை இதில் இழுத்துவிட்டது தம்பி வரதன். அம்மா மீன் விற்கப் போன நாட்களில் அக்காவின் இடுப்பிலேயே கிடந்து வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தை விட்ட வயதில் ஊர் அணியில் தடுப்பாட்டக்காரனாகச் சேர்ந்தான். சாப்பிடாமல் ஓடிவிடுகிறானே என்று அவனை இழுத்து வர மைதானத்துக்குப் போனவள், இன்னும் அங்கிருந்து திரும்பவில்லை என்று முத்துராஜ் சொல்வான்.

மைதானம் என்றால், வலை காயப்போடுகிற மணல்திட்டுதான். அணிக்குப் பெயர் 'நண்பர்கள்'. ஆரம்பத்தில் பந்து கையில் பட்டால் தப்பு என்பது மட்டும்தான் தெய்வநாயகிக்குத் தெரியும். பார்க்கப் பார்க்க எல்லாம் பிடிபட்டுவிட்டது. ஆஃப்சைடு என்பது மட்டும் கொஞ்ச நாள் குழப்பியது. தன் ஆள் பந்தை முன்னால் தட்டிவிடுகிற அந்த நொடியில், அதை வாங்கப்போகிறவன் எதிரணியின் கடைசித் தடுப்பாளனைத் தாண்டி நிற்கக்கூடாது. நின்றால் ஓரத்தில் ஓடுகிற லைன்மேன் கொடியைத் தூக்குவான். அவ்வளவுதான் என்று புரிந்த பிறகு, தங்களுக்கு எதிராகத் தூக்கிய ஒவ்வொரு கொடிக்கும் அவள் சண்டைக்குப் போனாள்.

ஒருமுறை திருப்பாலைவனத்தில் ஆட்டம். நண்பர்களின் ஆளைக் கோலுக்கு நேர் முன்னால் தள்ளிவிட்டார்கள். நடுவர் விசில் ஊதவில்லை. தெய்வநாயகி கோட்டைத் தாண்டி உள்ளே போய், பெனால்டி அடிக்கிற புள்ளியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நடுவர் திட்டினார். இரண்டு ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். அவள் அசையவில்லை. அப்போதுதான் அணிக்குப் புது மேனேஜராக வந்திருந்த சாலமன், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிதானமாக நடந்து வந்து அவள் எதிரில் குந்தினார்.

"யக்கா, அது பெனால்டிதான். எனக்கும் தெரியும், அந்தாளுக்கும் தெரியும். ஆனா நீங்க இங்க குந்திக்கினு இருந்தீங்கன்னா மேட்ச அவங்களுக்கே குடுத்துருவாங்க. எய்ந்திரிங்க."

அவள் எழுந்தாள். அன்று நண்பர்கள் ஜெயித்தார்கள். அடுத்த ஞாயிறு சாலமன் அவள் வீட்டில் மடவை மீன் குழம்பு சாப்பிட்டார்.

சாலமன் வியாசர்பாடிக்காரர். எண்ணூர்ப் பக்கம் ஒரு லாரி ஆபீசில் வேலை. இளவயதில் சென்னையில் பெரிய அணிகளுக்கு ஆடியவர் என்றார்கள். அவராக அதைப் பற்றிப் பேசமாட்டார். ஊர்க்காரர் யாரோ லாரியில் மீன் ஏற்றப் போன இடத்தில் பேச்சு வந்து, ஒரு நாள் வந்து பாருங்களேன் என்று அழைத்து வந்தார்கள். வந்தவர் எட்டு வருஷம் வந்தார். மழை, வாடைக்காற்று எதுவும் பார்க்காமல் வாரம் இரண்டு நாள் சாயங்காலம் அவருடைய பைக் சத்தம் கேட்கும். அதுவரை பந்து போகிற பக்கமெல்லாம் எல்லோரும் ஓடுகிற அணியாக இருந்த நண்பர்கள், அவர் வந்தபின் நின்று ஆடக் கற்றுக்கொண்டார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் கோப்பைகளாக எடுத்துவந்தார்கள்.

வரதனுக்கு முழங்கால் போனபோது, இனி உனக்கு ஆட்டம் இல்லை என்று டாக்டர் சொன்னபோது, அவன் ஊரில் யாரோடும் பேசாமல் கிடந்தான். சாலமன்தான் அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் நடுவர் பயிற்சியில் சேர்த்தார். ஓட முடியாவிட்டாலும் ஓரமாக நடையும் ஓட்டமுமாகப் போகலாம், கண்ணு நல்லா இருக்கு உனக்கு என்றார். வரதன் தேறி வந்தான். பொன்னேரிப் பக்கம் நடக்கிற ஆட்டங்களுக்கு லைன்மேனாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கறுப்புச் சட்டையும் கொடியுமாக அவன் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்க்கிறபோதெல்லாம் தெய்வநாயகிக்கு நெஞ்சு நிறையும். என் தம்பியை எழுப்பி நிற்கவைத்தவர் என்று சாலமனைப் பற்றி எல்லோரிடமும் சொல்வாள்.

போன வருஷம் பொங்கல் கழிந்த சமயத்தில் சாலமன் வருவது நின்றது. முதல் வாரம் உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள். அடுத்த வாரம் போன் போட்டால் எடுக்கவில்லை. பிறகு ஆரம்பாக்கத்துக்கு மீன் ஏற்றிப் போன ஆள் சேதி கொண்டு வந்தான். அந்தப் பக்கம் ஐஸ் பேக்டரி வைத்திருக்கிற ஒருவர் 'ராயல்' என்று புதிதாக ஓர் அணி சேர்த்திருக்கிறார். சாலமன் அங்கே நீலச் சட்டை போட்டுக்கொண்டு விசில் ஊதுகிறார்.

ஏலம் போடுகிற இடத்தில் அன்று மீனை யாரும் கவனிக்கவில்லை. ஏலக்காரன் கண்ணப்பன்தான் ரசிகர்களுக்கெல்லாம் தலைவன் மாதிரி. கொடி கட்டுவது, வேன் பிடிப்பது, மேளம் கொண்டு வருவது எல்லாம் அவன் பொறுப்பு. வெளியூர்க்காரன் வெளியூர்க்காரன்தான் என்று அவன் ஆரம்பித்தான். ஒருத்தன், அவருக்கும் குடும்பம் குட்டி இருக்காதா என்றான். இன்னொருத்தன், போவது தப்பில்லை, சொல்லாமல் போனதுதான் தப்பு என்றான். அதற்குள் வேறொருவன் போன வருஷத்து அரையிறுதியில் அவர் முன்வரிசை ஆட்டக்காரன் பிரதாப்பைப் பாதியில் வெளியே எடுத்ததை இழுத்தான். அப்போதே அவர் மனசு இங்கே இல்லை என்றான். தெய்வநாயகி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"நம்ம வூட்ல துன்னவரு. சொல்லாம போறவரு இல்ல. இன்னாவோ ஒண்ணு நடந்துக்குது. அது தெரியாம வாயி வுடாதீங்க" என்றாள்.

"போனவன் போய்ட்டான். நீ இன்னும் அவனுக்கு வக்காலத்து வாங்கிக்கினு கீற" என்றான் கண்ணப்பன்.

அவள் வக்காலத்து வாங்கத்தான் செய்தாள். பஸ்ஸில், குழாயடியில், மைதானத்தில் எங்கே பேச்சு வந்தாலும் சாலமனுக்காக ஒற்றை ஆளாக நின்றாள். ஒருநாள் வருவார், வந்து காரணம் சொல்வார் என்றாள். அவர் வரவில்லை. வெயில் ஏறிய மாதத்தில் பொன்னேரியில் நடந்த போட்டியில் நண்பர்கள் இறுதிக்குப் போனார்கள். எதிரில் ராயல்.

இறுதியாட்டத்துக்கு ஊரே கிளம்பியது. வேன் போதாமல் ஐஸ் வண்டியிலும் ஏறிக்கொண்டார்கள். மைதானத்துக்குள் நுழைந்ததும் தெய்வநாயகி கண்ணில் முதலில் பட்டது சாலமன்தான். நீலச் சட்டை. முடியில் நரை கூடியிருந்தது. அவரும் அவளைப் பார்த்தார். தலையை லேசாக அசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவ்வளவு கூட்டத்தில் வந்து பேசமுடியாது, ஆட்டம் முடியட்டும் என்று அவள் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

பிறகு நடுவர்கள் இறங்கினார்கள். அதில் ஒருவன் வரதன். ஊர்க்காரர்களுக்கு நம்பவே முடியவில்லை. நம்ம ஆளு லைன்ல நிக்கிறான் என்று மேளம் அடித்தார்கள். வரதன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முதல் நாள் அக்காவிடம்கூட அவன் சொல்லவில்லை.

முதல் பாதியிலேயே தகராறு வந்துவிட்டது. ராயல் ஆள் உதைத்த பந்து நண்பர்களின் தடுப்பாளன் கையில் பட்டது. நடுவர் பெனால்டி கொடுத்தார். கை உடம்போடு ஒட்டி இருந்தது, பந்துதான் வந்து கையில் மோதியது என்று ஒரு பக்கம் முழுக்கக் கத்தியது. நடுவர் காதில் வாங்கவில்லை. பந்து வலைக்குள் போயிற்று.

இரண்டாம் பாதியில் நண்பர்கள் அடித்தது வரதன் நின்ற பக்கம். ஒவ்வொரு முறையும் பந்து அங்கே வரும்போது தெய்வநாயகி தொண்டை கிழியக் கத்தினாள். கடைசி நேரத்தில்தான் அது நடந்தது. நடுவிலிருந்து ஒரு நீளப் பந்து. பிரதாப் புறப்பட்டான். அவன்தான் அணியின் கோல் அடிக்கிற கால். அவனுடைய வேகத்துக்கு எந்தத் தடுப்பாளனும் ஈடில்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பந்தை வாங்கினான், கோல்கீப்பரைச் சுற்றி எடுத்தான், உள்ளே தட்டினான். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. கண்ணப்பன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான்.

வரதனின் கொடி மேலே இருந்தது.

அவன் அதைக் கீழே இறக்கவே இல்லை. நடுவர் ஓடி வந்து அவனிடம் ஏதோ கேட்டார். வரதன் தலையசைத்தான். கோல் இல்லை என்று நடுவர் கை காட்டினார். தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. ஒன்று வரதனின் தோளில் பட்டது. அவன் அதே இடத்தில் அசையாமல் நின்றான். ஆட்டம் முடிந்த விசில் யாருக்கும் கேட்கவில்லை.

தெய்வநாயகி கயிற்றைத் தாண்டி அவனுக்கு முன்னால் போய் நின்றாள். கூட்டம் அவள் பின்னால் வந்தது. அக்காக்காரி என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"ஊர வித்துட்டியேடா, பாவி" என்றாள்.

"ஆஃப்சைடுக்கா" என்றான் வரதன்.

அவள் மண்ணை அள்ளி அவன் காலடியில் வீசினாள். போலீஸ்காரர் ஒருவர் வந்து அவனை அழைத்துப் போனார். திரும்பிப் பார்த்தபோது, அந்தக் கோடியில் ராயல் ஆட்டக்காரர்கள் சாலமனைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அதுவரை அவருக்காக அவள் பேசியிருந்த பேச்செல்லாம் அந்த நேரத்தில் அவளுக்குக் கூசியது. போனவனும் துரோகம், இருந்தவனும் துரோகம் என்று வேனில் வரும்போது சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். யாரும் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு பூவலங்குப்பத்தில் வேறு பேச்சு இல்லை. ஏலம் முடிந்ததும் கண்ணப்பன் ஐஸ் பெட்டிகளை வரிசையாக வைத்து இதுதான் அவர்களுடைய தடுப்பு என்பான். ஒரு கவிழ்த்த அன்னக்கூடை பிரதாப். பந்து கிளம்பும்போது கூடை இங்கேதான் இருந்தது என்று ஒருவன் நகர்த்துவான்; இல்லை, அதற்குப் பின்னால்தான் என்று இன்னொருவன் நகர்த்துவான். யாரோ போனில் எடுத்த படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அது கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்தது. அதில் எதுவும் தீராது. பிரதாப் சரியாகத்தான் இருந்தான் என்று பார்த்தவனுக்கு அப்படித் தெரிந்தது. கொஞ்சம் முன்னால் இருந்தான் என்று பார்த்த ஒன்றிரண்டு பேர் அதைச் சொல்லாமல் டீயைக் குடித்தார்கள். பெனால்டிக்கும் இதேபோல ஒரு சண்டை நடந்தது. ஆனால் அந்த நடுவர் எங்கேயோ இருக்கிறவர். அவர்மேல் கோபம் நிற்கவில்லை. வரதன் இங்கேயே இருந்தான்.

வரதன் வழக்கமாகப் போகிற படகு மறுநாள் விடியலில் அவனை விட்டுவிட்டுப் போனது. அடுத்த நாளும் போனது. கேட்டதற்கு, ஆள் போதும் என்றார்கள். அவன் மனைவி நிவேதா குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றது. கொடியில் காய்ந்த அவனுடைய கறுப்புச் சட்டை ஒருநாள் ஏரிக்கரைச் சேற்றில் மிதிபட்டுக் கிடந்தது. நிவேதா அதைத் துவைத்து மறுபடி அதே கொடியில் போட்டாள். தெய்வநாயகி அதை இரண்டு வீடு தள்ளி நின்று பார்த்தாள். போய் என்ன என்று கேட்கவில்லை. சாலமன் சொல்லித்தான் அவன் கொடி தூக்கினான், எழுப்பி விட்டதற்கு நன்றிக் கடன் என்று கண்ணப்பன் சொன்னபோது, இருக்கும் என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

கொஞ்ச நாள் போனபின், இன்னொரு படம் வந்தது. ராயல் அணிக்காரர்கள் தங்கள் வெற்றியைக் கொண்டாடி முழு ஆட்டத்தையும் இணையத்தில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அது ஓரத்தில் உயரமான இடத்திலிருந்து எடுத்தது. முத்துராஜ்தான் அதைக் கொண்டு வந்து காட்டினான். ஆட்டம் புரியாத அவன், போனை அவள் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

அவள் பார்த்தாள். நடுவிலிருந்து பந்து கிளம்பும் நொடியில் பிரதாப் முழுதாக ஓர் அடி வெளியே இருந்தான். சந்தேகத்துக்கே இடமில்லை. அவள் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தாள். அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. பந்து கிளம்புவதற்குச் சற்று முன்னால் கோட்டோரம் நின்ற சாலமன் கையை உயர்த்துகிறார். ராயலின் தடுப்பாளர்கள் அத்தனை பேரும் ஒன்றாக ஓர் அடி முன்னால் வருகிறார்கள். பிரதாப் தனியாக மாட்டிக்கொள்கிறான். பந்து மேலே போகிறது. எல்லோருடைய தலையும் பந்தோடு திரும்புகிறது. சாலமனுடைய தலை மட்டும் திரும்பவில்லை. அவர் வரதனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் அவள் இறால் எடுக்கவில்லை. ஆரம்பாக்கம் போய் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஐஸ் பேக்டரியை ஒட்டி, கம்பிவேலி போட்ட ஒரு மைதானம். புல் கூட இருந்தது. சாலமன் ஒரு தகரக் கொட்டகையில் பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நாற்காலியை எடுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"வரதன லைனுக்குப் போடச் சொன்னது யாரு?"

சாலமன் பம்பைக் கீழே வைத்தார். "நான்தான்க்கா."

நேராக வந்த பதில் அவளை ஒரு கணம் தடுமாறவைத்தது. அவரே மேலே சொன்னார். போட்டி நடத்துகிறவர்கள் வரதன் பெயரைச் சொல்லத் தயங்கினார்கள். பூவலங்குப்பத்து ஆள், உங்களுக்கு ஆட்சேபணை இருக்கும் என்றார்கள். ஆட்சேபணை இல்லை, அவனையே போடுங்கள் என்று அவர் கேட்டு வாங்கினார். பிரதாப் எப்போதும் ஓர் அடி முன்னால்தான் கிளம்புவான். எட்டு வருஷம் அவரே பார்த்தது. இந்தப் பக்கத்து லைன்மேன்கள் யாரும் அதற்குக் கொடி தூக்கமாட்டார்கள். சிலருக்குக் கண் போதாது, சிலருக்கு உங்கள் ஊர் மேல் பயம்.

"வரதன் தூக்குவான். ரெண்டு பாதியில ஒரு பாதி பிரதாப் அவன் முன்னாடிதான் ஓடியாவணும். அந்த ஒரு பாதி எனக்குப் போதும்னு நெனச்சேன்."

"நீங்க அவனாண்ட ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னா லைனுக்கே வரமாட்டான். சொல்ல வேண்டியதும் இல்ல. அவன் அப்டித்தான்னு எனக்குத் தெரியும்."

கொட்டகைக்குள் காற்று இல்லை. அவள் இத்தனை நாளும் அவரை நீங்க என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள்.

"அவன் திரும்பி எந்த ஊருக்குப் போவணும்னு நீ யோசிச்சியா?"

சாலமன் பந்தைப் பார்த்தார். "யோசிச்சேன்."

"யோசிச்சும்?"

"ஆட்டம்க்கா அது."

ஏன் சொல்லாமல் போனீர்கள் என்று கேட்க வந்திருந்தாள். அது இப்போது கேட்கத் தோன்றவில்லை. அவராகத்தான் சொன்னார். அரையிறுதியில் தோற்ற அன்று ஊர்க்காரர்கள் அவரைச் சுற்றி நின்று வெளியூர் நாய் என்று சொன்னதையும், பைக்கைத் தள்ளிவிட்டதையும் சொன்னார். அவ்வளவு பேரில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை என்றார். நீங்களும் அங்கேதான் நின்றீர்கள் என்று அவர் சொல்லவில்லை. அவள் நின்றாள் என்பது இருவருக்கும் தெரியும்.

"எங்க மேல கோவம்னா எங்களத் தோக்கடி. அவன் உனக்கு இன்னா பண்ணான்?"

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். அவள் வெளியே வந்து, பஸ் வரும்வரை வெயிலிலேயே நின்றாள்.

ஊருக்கு வந்ததும் அவள் நேராக ஏலம் நடக்கிற இடத்துக்குப் போனாள். மறைக்க ஒன்றும் இல்லை என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால் தம்பி மேல் இருக்கிற பழி போய்விடும் என்று நம்பினாள். புதுப் படத்தைக் காட்டினாள். பிரதாப் வெளியேதான் இருந்தான் என்றாள். சாலமனைப் பார்த்து வந்ததையும், அவர்தான் வரதனைக் கேட்டு வாங்கியதையும், வரதனுக்கு இதில் எதுவும் தெரியாது என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

கண்ணப்பன்தான் முதலில் பேசினான்.

"அப்போ கேட்டு வாங்கினாரு. அத்தத்தான நாங்களும் சொன்னோம். அவரு ஆளுன்னு."

அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் ஏறவில்லை. கேட்டு வாங்கினார் என்கிற ஒரு வார்த்தையை மட்டும் ஆளுக்கு ஆள் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் ஓர் அடி வெளியே இருப்பது தெரிகிறதே என்றால், ராயல்காரன் போட்ட படத்தை எப்படி நம்புவது என்றார்கள். தம்பியைக் காப்பாற்ற அக்கா ஆரம்பாக்கம் வரை போய்ப் பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவளோடு ஒரே வேனில் எத்தனையோ ஊருக்கு வந்து, அவளோடு சேர்ந்து கத்தின முகங்கள்தான் எல்லாம்.

பிரதாப் கூட்டத்தின் ஓரத்தில் வலைக்கயிற்றைப் பிரித்துக்கொண்டு நின்றான். அவள் அவனிடம் போனாள்.

"உனக்குத் தெரியும்ல?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "தெரியும்க்கா. கெளம்பும்போதே தெரியும். எப்பவும் வுடுவாங்க, அன்னிக்கும் வுடுவாங்கன்னு நெனச்சேன்."

"அத்த இவங்ககிட்ட சொல்லு."

பிரதாப் கண்ணப்பனைப் பார்த்தான். பிறகு கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு படகுப் பக்கம் நடந்தான். அவள் அவனைக் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் வரதன் வீட்டுக்குப் போனாள். வாசலில் பெட்டிகள் இருந்தன. நிவேதாவின் பிறந்த வீடு பொன்னேரி. அங்கே ஒரு கடையில் வரதனுக்கு வேலை பேசியிருந்தார்கள். தெய்வநாயகி தரையில் உட்கார்ந்து, ஆரம்பாக்கத்தில் நடந்ததைச் சொன்னாள். வரதன் சாலமன் பேச்சு வந்த இடத்தில் மட்டும் தலையை நிமிர்த்தினான்.

"தெரிஞ்சே போட்டாரா?"

"தெரிஞ்சேதான்."

அவன் ஒரு பெட்டியின் கயிற்றை இழுத்துக் கட்டினான். பிறகு, என்ன வாங்கிக்கொண்டு தூக்கினாய் என்று ஊரில் ஆளாளுக்குக் கேட்டபோது, சாலமன் சாரிடம் போய்க் கேளுங்கள், அவர் சொல்வார் நான் யாரென்று, என்று தான் பதில் சொன்னதாகச் சொன்னான். அப்போதும் அவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டேன் என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைத் தெய்வநாயகியால் பார்க்க முடியவில்லை. தப்பு பண்ணிவிட்டேன்டா என்றாள்.

"ஊரு சொன்னது எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நீ மண்ண வாரிப் போட்ட. நான் ஆஃப்சைடுன்னு சொன்னப்போ நீ ஒரு தபா என் மூஞ்சப் பாத்திருந்தா போதும்."

அவர்கள் மறுநாள் கிளம்பிப் போனார்கள். பெட்டிகளைத் தூக்க முத்துராஜ் மட்டும் போனான்.

தெய்வநாயகி அதன்பின் நண்பர்கள் அணியின் ஆட்டத்துக்குப் போகவில்லை. கண்ணப்பன் இரண்டொரு முறை வேன் கிளம்பும்போது வாசலில் ஹாரன் அடித்தான். வராதது பற்றி வருத்தப்பட்டதாகவும் கேள்வி. அவள் ஞாயிற்றுக்கிழமையும் இறால் எடுக்கத் தொடங்கினாள். மைதானத்தில் சத்தம் கேட்டால் வானொலியைத் திருகிச் சத்தமாக வைத்தாள். ராயல் அந்த வருஷமே இன்னும் இரண்டு கோப்பை எடுத்தது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். சாலமன் ஒருமுறை போன் செய்தார். பெயரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் வைத்தாள்.

இந்த வருஷம் காட்டூரில் ஒரு போட்டி. அவள் இறால் விற்கப் போன இடத்தில் சுவரொட்டி பார்த்தாள். அவளுக்குத் தெரியாத இரண்டு ஊர்கள். விற்று முடித்த கூடையோடு, எதற்குப் போகிறோம் என்று தெரியாமலே போய், கூட்டத்தோடு நின்றாள். மனதின் ஓரத்தில் எதிர்பார்த்தது சரிதான். லைனில் வரதன் ஓடிக்கொண்டிருந்தான். காலை இழுத்து இழுத்து ஓடினாலும் ஆட்டத்தைவிட்டுப் பின்தங்கவில்லை. முன்னைவிட இளைத்திருந்தான்.

ஒரு தடவை கொடியைத் தூக்கினான். அவள் பக்கத்தில் நின்றவர்கள் கெட்ட வார்த்தை சொன்னார்கள். இவன் விலை போயிட்டவன்க்கா, பழவேற்காட்டுப் பக்கமெல்லாம் தெரியும் என்று ஒருவன் அவளிடமே சொன்னான். அவளுக்கு அவனை அடிக்கத்தான் முதலில் தோன்றியது. பிறகு அவன் முகத்தைப் பார்த்து, பந்து கிளம்பும்போது அந்த ஆட்டக்காரன் எங்கே நின்றான், கடைசித் தடுப்பாளன் எங்கே நின்றான் என்று நிதானமாகச் சொன்னாள். நான் அந்த ஆட்டக்காரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பந்தைப் பார்க்கவில்லை என்றாள். அந்த ஆள் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தது. வரதன் கொடியைச் சுருட்டிக்கொண்டே வந்தவன் அவளைக் கண்டு நின்றான். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தான். முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டாள். பரவாயில்லை என்றான். நிவேதா எப்படி இருக்கிறாள் என்றாள். நல்லா இருக்கிறாள் என்றான். வீட்டுக்கு வா என்று அவன் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

"வெயில்ல நிக்காதக்கா, பஸ் வர்ற நேரம்" என்று சொல்லி, பாட்டிலை அவள் கூடைக்குள் வைத்துவிட்டு, உடை மாற்றப் போனான்.